அளவு நூல்

அத்தியாயம் பதினொன்று

மாட்டு வண்டி சூலியா தெருவுக்குள் திரும்பும்போதே கல்யாண வீட்டுக்குக் கதவு வந்துவிட்டது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? படுக்கப் போட்டால் பூ வேலைப்பாடு தேய்ந்துவிடும் என்று அய்யாக்கண்ணு ஆசாரி இரட்டைக் கதவின் இரண்டு பாதியையும் வண்டியில் நிற்க வைத்து, தானும் நடுவில் நின்று, இரண்டையும் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். தண்ணீர்மலை ரோட்டுப் பட்டறையிலிருந்து இந்தக் கோலத்திலேயே வந்திருக்கிறார். மேளம் ஒன்றுதான் குறை.

மாடி ஜன்னல் பலகையின் இடுக்கு வழியாக அதைப் பார்த்து மரைக்காயர் வீட்டு மூத்த மகள் ஹாஜரா சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பல நாளாகிவிட்டது. அன்றைக்கும் அந்த ஒரு தடவையோடு சரி.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. மரைக்காயர் வீடுகளில் பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிற வழக்கம் கிடையாது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே பெண்ணைப் பெற்றவர் நகை சேர்க்கிறாரோ இல்லையோ, மகளுக்கென்று ஓர் அறையைச் சேர்த்தாக வேண்டும். அறை இருக்கிறவள் அந்த வீட்டில் ஒருவனுக்கு மனைவி. அறை இல்லாதவள் வெறும் மகள்.

கப்பல்களுக்கு அரிசியும் வெங்காயமும் ஏற்றி அனுப்புகிற நாகூர் மீரான் மரைக்காயர், மூத்தவள் ஹாஜராவுக்கு மாடியில் வடக்கு அறையைக் கொடுத்தார். அந்த அறைக்கு மாப்பிள்ளையாக வந்த கமாலுதீன், கடலுக்கு அக்கரையில் இருக்கிற டெலியில் கடை போடுகிறேன் என்று கப்பல் ஏறினான். டெலி என்ன சீமையா? சாயங்காலம் ஏறினால் விடிந்ததும் இறங்கிவிடலாம். அவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரிலிருந்து அவன் மூன்று பெருநாளுக்கும் வரவில்லை. ஹாஜரா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் தலையணையை வெயிலில் காயப்போட்டு எடுத்து வைத்தாள். வந்தால் படுக்க இடம் வேண்டுமே.

இப்போது இளையவள் ஜன்னத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஷேக் அலாவுதீன், துறைமுகத்தில் சரக்குப் படகு ஓட்டும் குடும்பத்துப் பிள்ளை. அவன் தாயார் சலேஹா மாமி பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, இரண்டே இரண்டு கேட்டார். திரை தொங்குகிற அறையில் என் பிள்ளை படுக்க மாட்டான், நல்ல கதவு போடுங்கள் என்பது ஒன்று. நிக்காஹ் சபையில் மூத்த மருமகன் வந்து உட்கார வேண்டும் என்பது இன்னொன்று. ஊரில் ஏதேதோ சொல்கிறார்கள், அவர் உட்கார்ந்துவிட்டால் எல்லார் வாயும் அடைந்துவிடும் என்றார் மாமி. அவர் வரவில்லை என்றால் கல்யாணம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மரைக்காயர் போன மாதம் டெலிக்குப் போய்வந்தார். வந்ததிலிருந்து சாப்பாட்டில் பிடிப்பில்லை. ஹாஜரா கேட்டபோது, ஆள் கிடைக்கவில்லை, உள்நாட்டுப் பக்கம் போயிருக்கிறானாம் என்று சொல்லிக் கழுத்தைத் தடவிக்கொண்டார். மரைக்காயருக்குப் பொய் சொல்ல வராது. சொல்ல நேர்ந்தால் கை தானாகக் கழுத்துக்குப் போய்விடும். ஹாஜராவுக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த வீட்டு நிலைகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மரைக்காயருக்கு முன்னால் அது ஒரு சீன வியாபாரியின் கிடங்கு. அவருக்குக் கையில் காசு சேரச் சேர அறை அறையாகக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார். ஒரு நிலையைப் போல இன்னொரு நிலை இருக்காது. ஜன்னத்துக்கென்று ஒதுக்கிய மாடி முன் அறையில் ஒரு காலத்தில் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அதனால் அதன் நிலை குட்டை, ஆனால் மூட்டை தூக்கும் ஆட்கள் இருவர் தோளோடு தோள் சேர்ந்து நுழையலாம். எதிரில் ஹாஜராவின் வடக்கு அறை நிலையோ நெட்டை, ஒருவர் ஒருக்களித்து நுழைகிற அகலம். ஊரில் மர மில்காரர்கள் செய்து விற்கும் கதவெல்லாம் துரைமார் பங்களா அளவு. இந்த வீட்டில் எதற்கும் அது சேராது. அளவு கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

அளவெடுக்க ஆசாரியை மாடிக்கு விட முடியுமா? பெண்கள் புழங்குகிற இடம். கதவு மாட்டுகிற அன்றைக்கு ஒரு தடவை விட்டால் போதாதா? ஆகவே அளவெடுக்கிற வேலை ஹாஜராவிடம் வந்தது. வாப்பா மரைக்காயரின் கடையிலிருந்து தார் பூசிய கறுப்பு வலைநூலை வாங்கி, முன் அறை நிலையில் பிடித்து, அகலத்துக்கு ஒரு முடிச்சும் உயரத்துக்கு ஒரு முடிச்சும் போட்டு உம்மாவின் கையில் கொடுத்தாள். தங்கச்சியின் கதவு நன்றாக அமைய வேண்டும் என்று ஒன்றுக்கு மூன்று தடவை பிடித்துப் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டாள்.

ஆண்கள் மாடிக்கு வருகிறார்கள் என்று கீழிருந்து குரல் வந்ததும் அக்காவும் தங்கையும் வடக்கு அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஜன்னத் தரையில் உட்கார்ந்து மருதாணி வைத்த கையை ஊதிக்கொண்டிருந்தாள். ஹாஜரா திரையின் ஓரத்தில் கண்ணை வைத்தாள்.

ஆசாரியும் அவர் ஆட்களும் முதல் கதவை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கப்பலில் வந்த மோல்மின் தேக்கு. மேலே கொடி, கீழே கொடி, நடுவில் பூ. அழகான கதவு. அழகைப் பார்த்து முடிப்பதற்குள் ஹாஜராவின் கண் அதன் மேல் விளிம்புக்குப் போனது. கதவு நெட்டையாக இருந்தது. ஒல்லியாகவும் இருந்தது.

நிலைக்குள் தூக்கி வைத்தார்கள். மேல் சட்டத்தில் முட்டியது. இறக்கி மறுபடி வைத்தார்கள். அடுத்த தடவை குட்டையாகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, மூன்றாவது தடவையும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு கதவையும் சேர்த்து நிறுத்தினாலும் பக்கத்துக்கு ஒரு சாணுக்கு மேல் வெளிச்சம் தெரிந்தது.

"என்ன மொதலாளி இது," என்றார் அய்யாக்கண்ணு. "நெல குட்டையா அகலமா நிக்குது. நீங்க குடுத்த அளவுக்குத்தான் நான் செஞ்சேன். எம்மேல பழி போடாதீங்க."

யாரும் அவர் மேல் பழி போடவில்லை. அதுதான் ஹாஜராவுக்கு விசித்திரமாக இருந்தது. தேநீர்க் கோப்பை கை தவறி உடைந்தால்கூடத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போடுகிறவர் வாப்பா. இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது செய்து பார் என்று மெல்லச் சொன்னார்.

ஆசாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. நிலையின் மேல் சட்டத்தை வெட்டி உயர்த்தலாமென்றால் ஓட்டுக் கூரையின் உத்திரம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, கை வைத்தால் எல்லார் தலையிலும் ஓடு விழும் என்றார். கதவை வெட்டலாமென்றால் மேலே பாதிக் கொடியும் கீழே பாதிக் கொடியும் போய், மிச்சம் நிற்பது கதவாக இருக்காது என்றார். பக்கத்து இடைவெளிக்குப் பட்டை வைத்து அடிக்கலாம், ஆனால் பார்க்கிறவர்கள் தன்னைத்தான் சிரிப்பார்கள் என்றார். இவ்வளவும் சொல்லிவிட்டு மடியிலிருந்து நூலை எடுத்து வாப்பாவின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"இந்தா பாருங்க. நீங்க குடுத்த நூலு. நான் எதையும் மாத்தல."

ஹாஜரா பார்த்தாள். அது வெள்ளை நூல். கொசுவலை கட்டுகிற நாடா நூல். அவள் கொடுத்தது தார் பூசிய கறுப்பு நூல்.

வெளியே ஓடிப்போய் இது என்னுடையதில்லை என்று சொல்ல வாய் துடித்தது. மூன்று அந்நிய ஆண்கள் நிற்கிறார்கள், எப்படிப் போவது? திரைக்கு வெளியே முக்காடு போட்டு நின்றிருந்த உம்மா காமாரியாவின் முதுகு மட்டும் எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஹாஜரா திரை வழியாகவே உம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"உம்மா, அது நான் குடுத்த நூல் இல்ல."

காமாரியா திரும்பவில்லை. கையைப் பின்னால் விட்டு மகளின் விரல்களைச் சேலையிலிருந்து எடுத்துவிட்டாள். மெதுவாகத்தான் எடுத்துவிட்டாள்.

"சும்மா இரு லா," என்றாள்.

அந்த ஒரு சொல்லில் ஹாஜராவுக்கு மூன்று வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு ஃபாத்திஹா ஓதிவிட்டு வாருங்கள் என்று உம்மா இரண்டு பேரையும் தெருக்கோடி தர்காவுக்கு அனுப்பினாள். திரும்பி வந்து பார்த்தபோது ஹாஜராவின் அறைத் திரை உள்பக்கம் வெளியே தெரியும்படி தொங்கியது. உம்மா துவைத்துப் போட்டிருப்பாள் என்று நினைத்து அவளே சரியாக மாட்டிக்கொண்டாள். துவைத்த துணி ஈரமாக அல்லவா இருக்க வேண்டும்? இருந்ததா என்று அன்றைக்கு அவள் தொட்டுப் பார்க்கவில்லை.

இப்போது நிமிர்ந்து தன் அறை நிலையைப் பார்த்தாள். நெட்டையான நிலை. ஒல்லியான நிலை. கமாலுதீனின் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஜன்னத் என்ன லாத்தா என்று அக்காவைக் கேட்டாள். ஒன்றுமில்லை, வெயில் என்றாள் ஹாஜரா. தங்கச்சியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். மருதாணியைத் தவிர வேறு கவலை அதில் இல்லை. இவளுக்குத் தெரியாது. அது ஒன்றுதான் அந்த நேரத்தில் ஆறுதலாக இருந்தது.

சலேஹா மாமி மத்தியான வெயிலில் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கனத்த உடம்பு. படி ஏறி வருவதற்குள் வீடே மூச்சு வாங்கியது. பெண்பிள்ளை வருகிறார் என்று ஆசாரியும் ஆட்களும் தேநீர் குடிக்கக் கீழே போய்விட்டார்கள். அக்காவும் தங்கையும் திரையை விட்டு வெளியே வந்தார்கள். முன் அறை நிலையில் ஒரு கதவு சாய்ந்து நின்றது. அதன் பக்கத்தில் ஆசாரி ஒப்புக்கு ஒரு பலகைப் பட்டையைச் சேர்த்து வைத்திருந்தார். தேக்குக் கதவுக்குப் பக்கத்தில் அது அழுக்காகத் தெரிந்தது.

"ஒட்டுப் போட்ட கதவா?" என்று கேட்டார் மாமி. "மாப்பிள்ளை அறைக்கா?"

காமாரியா உடனே பதில் சொன்னாள். அந்தப் பதிலை முன்னாலேயே யோசித்து வைத்திருந்தாள் என்பது ஹாஜராவுக்கு இப்போது புரிந்தது.

"மூத்தவதான் அளவெடுத்தா. மனசு நிலையா இல்லாத புள்ள. என்னத்த சொல்றது, சூசாதான், பெரிய தொல்லை."

மாமி ஹாஜராவின் பக்கம் திரும்பினார். "நீயாம்மா எடுத்தே?"

ஹாஜரா உம்மாவைப் பார்த்தாள். உம்மா அவளைப் பார்க்கவில்லை. மாமியின் முதுகுக்குப் பின்னால் ஜன்னத், கல்யாணம் நின்றுவிடுமோ என்கிற பயத்தில், மருதாணிக் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். தாவணி முழுக்கச் சிவந்துபோனது அவளுக்குத் தெரியவில்லை. நூல் மாறிய கதையை இந்த இடத்தில் சொன்னால் ஏன் மாற்றினார்கள் என்று மாமி கேட்பார். கேட்டால் கமாலுதீன் பேச்சு வரும். கமாலுதீன் பேச்சு வந்தால் ஜன்னத்தின் கல்யாணம் இந்தக் கூடத்திலேயே முடிந்துவிடும்.

"ஆமாம் மாமி. நான்தான் எடுத்தேன். கை தவறிப்போச்சு," என்றாள்.

சொல்லும்போது அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது. செய்யாத பிழையைச் செய்தேன் என்று சொல்வதில் இவ்வளவு அவமானம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மாமி நடுக்கூடத்தைச் சுற்றிவந்தார். வடக்கு அறையின் திரையை ஒதுக்கி எட்டிப் பார்த்தார். கடல் காற்று அவர் முக்காட்டைத் தூக்கியது. பெண் பார்க்க வந்த அன்றைக்கும் மாமி இதே இடத்தில்தான் நின்றார், காற்று நல்லா வருதே என்று இரண்டு தடவை சொன்னார். அதை நல்ல வார்த்தை என்று ஹாஜரா அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

"இந்த நெலைக்குச் சரியா இருக்கும் போலத் தெரியுதே," என்றார் மாமி.

"அப்படியா? வெச்சுப் பாக்கச் சொல்றேன்," என்றாள் காமாரியா. கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாள்.

பெண்களைக் கீழே போகச் சொல்லி ஆண்களை மேலே வரச் சொன்னார்கள். அடுக்களையில் நின்றபடி ஹாஜரா காதைக் கொடுத்துக் கேட்டாள். தூக்குகிற சத்தம் கேட்டது. முட்டுகிற சத்தம் கேட்கவில்லை. பிறகு கீல் அடிக்கிற சத்தம். அதற்குப் பிறகு அய்யாக்கண்ணுவின் குரல், காலையிலிருந்து பட்ட மானக்கேடெல்லாம் தீர்ந்த குரல். இழைப்புளியைத் தொடவே இல்லை மொதலாளி, ஒரு சீவல்கூடச் சீவவில்லை என்று அவர் மாடியிலிருந்து தெருவுக்கே அறிவித்தார்.

மாமிக்கு ரொம்பத் திருப்தி. புறப்படும்போது படியில் நின்று மரைக்காயரிடம், மூத்த மருமகன் வருகிறாரல்லவா என்று கேட்டார். முன் அறை காலியாகத்தானே இருக்கிறது, அவருக்கும் இடத்துக்குக் குறைவில்லை என்று தானே சொல்லிக்கொண்டார்.

"வர்றார்," என்றார் மரைக்காயர். "வியாழக்கிழமைக் கப்பல்ல வர்றார்."

ஹாஜரா வாப்பாவின் கையைப் பார்த்தாள். கை கழுத்துக்குப் போகவில்லை. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே இருந்தது.

வாப்பா சொன்னது பொய்யில்லை.

அதற்குப் பிறகு அறையைக் காலி செய்வது அவளுக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. உம்மாவின் மேல் இருந்த கோபம்கூட ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. அவர் வருகிறார். வடக்கு அறையோ முன் அறையோ, எந்த அறையானால் என்ன? கமாலுதீனின் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு போனாள். அவன் மிதியடி, தொப்பி வைக்கிற டப்பா, வெள்ளிக்கிழமைதோறும் வெயில் கண்ட தலையணை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நடுக்கூடத்தைக் கடந்து கொண்டுபோய் வைத்தாள். முன் அறையைப் பெருக்கித் துடைத்துப் பாயை விரித்தாள். ஜன்னத் உதவிக்கு வந்து, லாத்தா நான் இந்த அறையைக் கேட்கவே இல்லை என்று விம்மினாள். நீ கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன், போய்க் கையைக் கழுவு என்று ஹாஜரா அவளைத் தேற்றினாள். தேற்றுகிற அளவுக்கு அவளிடம் அப்போது தெம்பு இருந்தது.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்து வாப்பா முசல்லா விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தார். ஹாஜரா தேநீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"டெலியில அவரைப் பார்த்தீங்களா வாப்பா?"

"பார்த்தேம்மா."

"அன்னைக்கு ஏன் இல்லன்னீங்க?"

வாப்பா முசல்லாவின் ஓரத்தை மடித்து விரித்தார்.

"போகட்டும். முன் அறையத் துடைச்சுப் பாய் விரிச்சுட்டேன்," என்றாள் ஹாஜரா. தன் குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்கே கூச்சமாக இருந்தது. "கதவு இல்லன்னா என்ன. அவருக்குக் காத்துதான் முக்கியம்."

மரைக்காயரின் முகம் கோணியது. அந்த வயதில் ஒரு மனிதர் மகள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை.

"அவன் தனியா வரலைம்மா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கடையை விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாராம். கதவைத் தட்டினாராம். ஒரு பெண்தான் வந்து திறந்தாளாம். இடுப்பில் பிள்ளை. பிள்ளைக்கு அப்படியே கமாலுதீனின் மூக்கு. அந்தப் பெண் நல்ல மாதிரிதான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள் என்று வாப்பா சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"ஜன்னத் கல்யாணத்துக்கு மட்டும் வந்து சபையில உக்காருன்னு கெஞ்சினேன். காலைப் பிடிக்காத குறை. வரேன்னான். அவங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்னான்."

ஹாஜரா தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு எந்த அறை?"

வாப்பா தலையைத் தூக்கவில்லை. தூக்காமல் இருந்ததே பதில். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிற வீட்டில் மூத்த மருமகன் கூடத்தில் படுக்க முடியாது. குடும்பத்தோடு வருகிறவனுக்கு மாடியில் ஓர் அறை வேண்டும். மாடியில் மிச்சம் இருப்பது ஓர் அறைதான்.

"நீ உம்மாகூடக் கீழ படுத்துக்கம்மா," என்றார் கடைசியாக. "கொஞ்ச நாளைக்கு."

கை கழுத்துக்குப் போனது.

ஹாஜரா எழுந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. காலையில் வந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இப்போது சண்டை போட்டு எதைக் கேட்பது? கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"கேட்டிருந்தா ரெண்டு அறையையும் குடுத்திருப்பேன் வாப்பா. நூலை மாத்தியிருக்க வேண்டாம்," என்றாள்.

மாடிக்குப் போனாள். வடக்கு அறையின் புதுக் கதவு சாத்தியிருந்தது. அதன் பளபளப்பில் கூடத்து விளக்கின் வெளிச்சம் தெரிந்தது. ஜன்னத் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது. சின்னப் பெண். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வடக்கு அறையில் தொங்கிய பழைய திரை கூடத்து மூலையில் சுருட்டிக் கிடந்தது. ஹாஜரா அதை எடுத்து, ஆணி அடித்து, முன் அறை நிலையில் மாட்டினாள். இன்றைக்கு ஒரு ராத்திரியாவது உள்ளே தனியாகப் படுக்கலாம் என்று நினைத்தாள். திரை போதவில்லை. ஒல்லி நிலைக்குத் தைத்த திரை. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் திறந்தது, அந்தப் பக்கம் இழுத்தால் இந்தப் பக்கம் திறந்தது. நடுவில் விட்டுவிட்டு உள்ளே போய்த் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதில் வெயில் வாசனை அடித்தது. அப்போதுதான் அழுதாள்.

திரைக்குப் பக்கத்தில் காமாரியா வந்து நின்றது தெரிந்தது. உள்ளே வரத் துணிச்சல் இல்லாமல் நின்றாள்.

"உங்கிட்ட கேக்க எனக்கு நாக்கு எழும்பலம்மா," என்றாள் காமாரியா. "அவர் வந்தா எங்கே படுப்பார்ன்னு நீ கேப்பே. அதுக்கு நான் என்ன சொல்றது? கதவே சொல்லிட்டா நல்லதுன்னு நெனச்சேன்."

சொல்லி முடித்தும் காமாரியா போகவில்லை. இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்து ஹாஜரா தலையைத் தூக்கினாள்.

"நாளைக்குக் காலையில அய்யாக்கண்ணு மறுபடி வர்றான். இந்த நெலைக்கும் கதவு போடணும்னு வாப்பா சொல்லிட்டார். பூ வேலை இல்லாம வெறும் பலகைக் கதவு. வியாழனுக்குள்ள முடிச்சிருவானாம்," என்று சொல்லிவிட்டு, காமாரியா இடுப்பு முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து நீட்டினாள். "இது உன்னோடது. தூக்கிப் போடல. பத்திரமாத்தான் வெச்சிருந்தேன்."

தார் பூசிய கறுப்பு நூல். அவள் போட்ட முடிச்சு இரண்டும் அப்படியே இருந்தன. தங்கச்சிக்காக எடுத்த அளவு. இனி டெலியிலிருந்து வருகிற பெண் அந்த அளவில் செய்த கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையைத் தூங்க வைப்பாள்.

ஹாஜரா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நூலை வாங்கிக்கொண்டாள்.

"ஆசாரி வந்ததும் என்னைக் கூப்பிடுங்க. நானே கீழ போய்க் குடுக்கிறேன்," என்றாள்.

"நீயா? ஆம்பிளைங்க முன்னாலயா?"

"ஆமாம். நான்தான் குடுப்பேன். வியாழக்கிழமை அவங்க வரும்போது தெருக்கதவைத் திறக்கப் போறதும் நான்தான்."

வயது வந்த நாளிலிருந்து அந்நிய ஆண் முன்னால் நில்லாத பெண் இப்படிச் சொல்கிறாள். காமாரியா மகளின் முகத்தைப் படிக்கப் பார்த்தாள். திரை பாதி மறைத்தது. கொண்டுவந்த கைவிளக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

ஹாஜரா திரையை ஒதுக்கினாள். நூலை நிலையின் ஒரு கோடியில் வைத்துக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, மறுகோடிக்கு இழுத்துப் பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலாகப் பிடித்துப் பார்த்தாள்.

அவள் எடுத்த அளவு சரியாகத்தான் இருந்தது.